வேலிக்கு அந்தப் பக்கம் போன எரு

எங்கள் வீட்டு எருக்குழியைப் போல உடையார்பாளையம் சுற்றுவட்டாரத்தில் இன்னொன்று கிடையாது. இப்போது என் மகன் கடையிலிருந்து பாக்கெட்டில் வாங்கி வருகிற எருவை மோந்து பார்த்துவிட்டுத் தள்ளி வைத்துவிடுவேன். சாணியும் ஆட்டுப் புழுக்கையும் அடுப்புச் சாம்பலும் வேப்பஞ்சருகும் வருஷம் முழுக்க விழுந்து மட்கி, எங்கள் எரு கறுப்பாக, நாற்றமே இல்லாமல், கையில் பொலபொலவென்று உதிரும்.

அதில் பாதிச் சாணி சித்தி சுமந்து கொட்டியது. ஆனால் அப்பாவும் சித்தப்பாவும் பாகம் பிரித்தபோது மாட்டுக்கொட்டகையோடு குழியும் எங்கள் பக்கம் வந்துவிட்டது. கொல்லைக்கு நடுவில் முள்வேலி போட்டார்கள். அதோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது.

சித்தி தன் பங்கில் கத்தரி நட்டாள். வெறும் செம்மண். செடிகள் வளராமல் வெளுத்து நின்றன. கொஞ்சம் எரு கேட்டிருக்கலாம். கேட்கிற பிறவி இல்லை அவள். அம்மாவும் கூப்பிட்டுக் கொடுக்கிற பிறவி இல்லை. எங்கள் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றும்போது வேலி வழியாகச் சித்தியின் செடிகளையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஒருநாள் காலையில் அம்மா ஒரு கூடை எருவைத் தலையில் வைத்துக்கொண்டு, தெருவைச் சுற்றி, சித்தி கொல்லைக்குள் நுழைந்தாள். நான் பின்னாலேயே ஓடினேன். அன்று வெள்ளிக்கிழமை. செவ்வாய், வெள்ளியில் எங்கள் ஊரில் எருவை அடுத்த வீட்டுக்குக் கொடுக்கமாட்டார்கள். மகாலட்சுமி கூடவே போய்விடுவாளாம்.

சித்தி வழிமறித்து நின்றாள்.

"இன்னிக்கு வெள்ளிக்கெழமை அக்கா."

"தெரியும்டி."

"தெரிஞ்சுமா தூக்கிட்டு வந்தீங்க? அடுத்த வூட்டுக்குக் குடுக்கலாமா?"

"அடுத்த வூட்டுக்கு நான் ஏன்டி குடுக்கப் போறேன்? கழுத்து வலிக்குது, ஒரு கை புடி."

சித்தி கூடையை இறக்கினாள். "தலையெல்லாம் எரு. ஒரு சும்மாடு வைக்கத் தெரியாதா உங்களுக்கு?" என்று எரிந்து விழுந்தாள். இருவரும் குந்தி உட்கார்ந்து, செடி செடியாக வேரைச் சுற்றிக் கிளறி எருவை வைத்தார்கள்.

நான் ஓடிப்போய் அப்பாவிடம் சொல்லிவிட்டேன். அம்மாவுக்கு வசவு நிச்சயம் என்று காத்து நின்றேன்.

"எந்தப் பக்கமாப் போனா?" என்றார்.

"தெருவச் சுத்தி."

"அவ்ளோ தூரமா? கூடையோடயா?"

கவைக்கம்பை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனார். கூடை சுமந்த ஆள் நுழைகிற அகலத்துக்கு வேலி முள்ளை இழுத்துப் போட்டார். மகாலட்சுமி போய்விட்டாள் என்கிறேன், அம்மாவை ஒரு வார்த்தை கேட்காமல், அடுப்பெரிக்க முள் எடுத்துக்கொண்டிருக்கிறாரே என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.