ராஜகுரு அண்ணன் காவலை நிறுத்திய நாள்

ராஜகுரு அண்ணனுக்கு எதையும் மூடிவைத்துவிட்டுச் சும்மா இருக்கத் தெரியாது. அடுப்பில் இட்லி வெந்தால் மூன்று தடவை மூடியைத் திறந்து பார்ப்பார். பஸ் ஏறினால் ஒத்தக்கடை தாண்டுவதற்குள் நாலு தடவை கண்டக்டரிடம், "மேலூர் வந்துருச்சாண்ணே?" என்பார். அவர் மனைவி வசுந்தரா அக்கா வீட்டில் சௌராஷ்டிரத்தில் அவரைத் திட்டிவிட்டு, அதையே தமிழில் எனக்கும் ஒரு தடவை சொல்லும்: "இவரு கேக்குற கேள்விக்கு எனக்கு ரெண்டு வாய் வேணும் பாண்டியம்மா!"

எங்கள் கம்பெனிக்கு நெட்வொர்க் எஞ்சினியர் அவர்தான். நாங்கள் சொல்வது லைன்காரர். தலைமை ஆபீஸ் மதுரையில், பழங்காநத்தத்தில். கொட்டாம்பட்டியில் ஒரு சிமெண்ட் கடை மாடியில் பன்னிரண்டு நாற்காலி போட்டு ஒரு கிளை. அதில் ஒரு நாற்காலி என்னுடையது. சிங்கப்பூரில் ஒரு மளிகைக் கம்பெனிக்குத் தமிழ் வீடுகளிலிருந்து வரும் ஆர்டர்களை நாங்கள் போனில் எடுப்போம். போன் என்றால் இன்டர்நெட் வழியாக வருவது. பேச்சைத் துண்டு துண்டாக நறுக்கி அனுப்பும். எங்கள் பேச்சு முழுக்க பழங்காநத்தத்தில் இருக்கும் ரவுட்டர் என்ற பெட்டி வழியாகத்தான் போய்வர வேண்டும்.

2005இல் அந்தத் துண்டுகள் பாதி வழியிலேயே தொலைய ஆரம்பித்தன. "என்னம்மா, கிணத்துக்குள்ள இருந்து பேசுறியா?" என்று அந்தப் பக்கம் கேட்பார்கள். எனக்குச் சாதாரணமாகவே தொண்டை பெரிது. கேட்கவில்லை என்றால் விடுவேனா? கத்தினேன். சிங்கப்பூரிலிருந்து புகார் வந்தது, பாண்டியம்மாள் சண்டைக்கு வருகிறாள் என்று. ஒன்றல்ல, மூன்று.

மேனேஜர் லட்சுமிநாராயணன் போனில் கூப்பிட்டார். "இன்னொண்ணு வந்துச்சுன்னா என்னால காப்பாத்த முடியாதும்மா."

கடலைக்காட்டில் களை எடுத்த கை இது. காதில் ஹெட்போன் மாட்டி நிழலில் உட்கார்ந்து நாலு பேரோடு பேசுகிற வேலை எனக்கு எம்புட்டுப் பிடித்திருந்தது என்று யாருக்குத் தெரியும்? பாத்ரூமில் போய் அழுதேன்.

முதல் புகார் வந்த அன்றைக்கே ராஜகுரு அண்ணன் வரிந்துகட்டிக்கொண்டு இறங்கியிருந்தார். "கவலைப்படாத தங்கச்சி. தப்பு லைன்லயா, ஆள்லயான்னு நான் கண்டுபிடிச்சுத் தாரேன். உன் பேச்சைக் கேக்க மாட்டேன். தபால்காரன் மாதிரி கவரை மட்டும் எண்ணுவேன்."

அதற்கென்று ஒரு கம்ப்யூட்டரை வைத்தார். எத்தனை துண்டு போனது, எத்தனை தொலைந்தது என்று அது நிமிடத்துக்கு ஒரு தடவை ரவுட்டரைக் கேட்கும். ரவுட்டர் பதில் சொல்லும். இரைச்சல் குறையவில்லை. பத்து நொடிக்கு ஒரு தடவை கேட்க வைத்தார். இன்னும் மோசமானது. கடைசியில் நொடிக்கொரு தடவை. நான் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் ஆயுத பூஜை வந்தது. பழங்காநத்தத்தில் எல்லா மெஷினுக்கும் சந்தனம், குங்குமம், மாலை. ஆனால் சிங்கப்பூரில் தீபாவளிச் சாமான் வாங்குகிற அவசரம். எங்களுக்கு லீவு கிடையாது. ஓடுகிற ரவுட்டருக்கு ஓடுகிறபடியே பொட்டு வைத்துவிட்டு, காவல் கம்ப்யூட்டரை மட்டும் அணைத்து சரஸ்வதி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டார் அண்ணன். ஆயுதத்தை அன்றைக்குத் தொடக்கூடாது என்பதில் அவர் கறார்.

அன்றைக்கு வந்தது பாருங்கள் குரல்! ஒரு அம்மா முறுக்குமாவுக்கு ஆர்டர் சொல்கிறார், அவர் வீட்டுக் குக்கர் விசில்கூட எனக்குக் கேட்கிறது. சாயங்காலம் பக்கத்து நாற்காலி சுபலட்சுமி என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "என்னடி, காய்ச்சலா? காலையில இருந்து கத்தவே காணோம்?"

மறுநாள் காலை பத்தேகாலுக்குப் பழைய குருடி கதவைத் திறடி என்று மறுபடி இரைச்சல். நான் வழக்கம்போலக் கத்தி இரண்டு ஆர்டரைக் கெடுத்தேன். அப்புறம்தான் பொறி தட்டியது. அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"இப்ப அங்க என்ன செஞ்சீங்க?"

"ஒண்ணும் செய்யலையே. மறுபூஜை முடிச்சு அந்தக் கம்ப்யூட்டரைப் போட்டேன். அம்புட்டுத்தான்."

"அதை அணைங்க!"

"ஏய், அது காவக்காரன் தங்கச்சி."

"காவக்காரன்தான் களவாணி! அணைங்கண்ணே!"

அணைத்தார். குரல் தெளிந்தது. போட்டார். உடைந்தது. மூன்று தடவை செய்து பார்த்தோம். அண்ணன் மெதுவாகச் சொன்னார்: "அது பழைய பெட்டி. நொடிக்கு நொடி எனக்குப் பதில் சொல்லுறதுலயே உங்க பேச்சை விட்டுருச்சு. இட்லிச் சட்டிய நான்தான் தொறந்துக்கிட்டே இருந்திருக்கேன்."

ஆனால் காலையில் கெடுத்த இரண்டில் ஒன்று மத்தியானமே நாலாவது புகாராக வந்துவிட்டது. மேனேஜர் மதுரைக்கு வரச் சொன்னார். மேசையில் வைத்திருந்த தண்ணீர் பாட்டிலையும் சீப்பையும் பையில் போட்டுக்கொண்டுதான் பஸ் ஏறினேன். திரும்பி வந்து உட்காரப்போகிறேன் என்ற நம்பிக்கை எனக்கில்லை.

மேனேஜர் அறையில் எனக்கு முன்னாலேயே அண்ணன் நின்றிருந்தார். கையில் ஒரு தாள். முதல் புகார் அவர் காவல் கம்ப்யூட்டரை வைப்பதற்கு முந்தியது என்று எழுதி, அதன் வேகத்தைக் கூட்டிய ஒவ்வொரு நாளுக்கும் பக்கத்தில் மற்றப் புகார்களையும் குறித்திருந்தார். அவர் சத்தமில்லாமல் அதைச் சரிசெய்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது.

"முதல் தடவை லைன்ல கொஞ்சம் இரைச்சல் சார், அது அப்பவே சரியாயிருச்சு. மத்தது மூணும் என் தப்பு. இந்தப் பிள்ளை கத்தலை, நான் கத்த வச்சேன். சிங்கப்பூருக்கு என் பேரை எழுதுங்க."

"வேலியே பயிரை மேஞ்ச கதையால்ல இருக்கு!" என்று மேனேஜர் அரைமணி நேரம் அவரை வாங்கு வாங்கென்று வாங்கினார். அண்ணன் தலைகுனிந்து கேட்டுக்கொண்டார். நான் அங்கேயே அழுதுவிட்டேன், சந்தோஷத்தில்தான். மறுநாள் காலையில் தண்ணீர் பாட்டிலும் சீப்பும் அதே மேசைக்குப் போயின.

அதன்பிறகு அந்தக் கம்ப்யூட்டர் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவைதான் கேட்கிறது. ஆனால் பிறவிக்குணம் எங்கே போகும்? அண்ணனே தினமும் நாலு தடவை எனக்குப் போன் போட்டுவிடுவார்.

"தங்கச்சி, குரல் நல்லா வருதா?"

"நீங்க போனை வச்சா நல்லா வரும்ண்ணே!"