எட்டடி சுவரக் காணோம்

ஒரே கிளிக்குதான், வீட்டோட முன் சுவரு மொத்தமா போயிடுச்சு. பிளான் வரையற வேலையில கோடு போடறது யாரு வேணும்னாலும் போடலாம், வெட்டும்போதுதான் நம்ம லட்சணம் தெரியும்.

பின்னால பிளாட்டர் பெரிய பேப்பர்ல பேனாவ இழுத்து இழுத்து வரைஞ்சிக்கிட்டு இருக்கு. முடிய அரை மணி நேரம் ஆவும். அதுக்குள்ள எழுதிடறேன்.

டிண்டிங் மானா

ஈப்போவுல ஒரு சின்ன ஆர்கிடெக்ட் ஆபீஸ், நான் அங்க டைப்பிஸ்டு. எங்க தவுக்கே, அதான் முதலாளி, மிஸ்டர் லிம் ஒரு கம்ப்யூட்டர மூணு மாசம் டிரையலுக்குன்னு எடுத்துட்டு வந்தாரு. டைப் அடிக்கத் தெரியுமேன்னு என்னை அது முன்னால உட்கார வச்சாரு. மூணு மாசத்துக்குள்ள அதுல வரைஞ்ச ஒரு பிளானுக்காவது கஸ்டமர் கையெழுத்து போடணும். இல்லன்னா மெஷினு திரும்ப கோலாலம்பூருக்கு, நான் மறுபடி டைப்ரைட்டருக்கு. எனக்கோ அந்தக் கருப்பு ஸ்கிரீன்ல முதல் கோடு ஓடினத பார்த்ததுலேருந்து சோறே எறங்கல.

அதுல டிரிம்னு ஒண்ணு இருக்கு. நீட்டிக்கிட்டு நிக்கற கோட்ட வெட்டிடும். எதுக்கு நேரா வெட்டணும்னு முதல்ல காட்டணும், அப்புறம் எந்தத் துண்டு போவணுமோ அத தொடணும். நான் பாசார்ல மீன் வாங்கிப் பழகின ஆளு, எது வேணுமோ அததானே கை காட்டுவேன். வேணுங்கற சுவர தொட்டேன். முப்பதடி சுவரு போச்சு, வேணாங்கற அரையடி மட்டும் ஒத்தப் பல்லு மாதிரி நின்னுச்சு. ஒரு எழுத்த தட்டினா எல்லாம் திரும்ப வந்துடும்னு எனக்குத் தெரிஞ்சதே மறுநாள்தான். பின்னால நின்ன தவுக்கே திட்டல. சுவரு எங்கன்னு மலாய்ல ரொம்ப மரியாதையா கேட்டாரு.

"டிண்டிங் மானா, செல்வி?"

ரோட்டு வரைக்கும் குளியலறை

எதிர் மேசையில மணியம் அண்ணே. கையால வரையறவரு. மைக்கோடு தப்பா போனா சவரம் பண்ற பிளேடால நைசா சுரண்டி எடுத்துடுவாரு. நான் சுவர தொலைச்ச கதைய அவரு கீழ காப்பி விக்கற கோபி கடை வரைக்கும் கொண்டு போயிட்டாரு.

சரி, வெட்டறதுதானே பிரச்சனை, நீட்டறதுல என்ன வந்துடப் போவுதுன்னு எக்ஸ்டென்ட பிடிச்சேன். குளியலறை சுவரு பின் சுவர தொடாம ஒரு அடி குறைஞ்சு நின்னுச்சு. கோட்டோட எந்த முனைக்குப் பக்கத்துல தொடறோமோ அந்த முனைதான் நீளும். நான் தொட்டது அடுத்த முனை. குளியலறைய மட்டும் ஸ்கிரீன்ல பெருசா வச்சிருந்ததால அது எங்க போச்சுன்னே தெரியல. பிளாட்டர் வரைஞ்சு முடிச்ச அப்புறம்தான் பார்க்கறேன், அந்தச் சுவரு ஹாலப் பிளந்து, வராந்தாவ தாண்டி, முன் வேலி வரைக்கும் போய் நிக்கிது. மணியம் அண்ணே பேப்பர ஜன்னல் வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சு நிதானமா பார்த்தாரு.

"நல்ல வசதி லா தங்கச்சி. குளிச்ச கையோட அப்படியே பஸ் ஏறிடலாம்."

அக்கா நிக்கற எடம்

மூணாவது மாசம் கடைசி வாரம். சுங்கை சிப்புட்லேருந்து லாரி ஓட்டற ஆறுமுகம் அண்ணேவும் அவரு சம்சாரம் சரோஜா அக்காவும் கையெழுத்து போட வந்தாங்க. இதான் கடைசி பிளான், இது போச்சுன்னா எல்லாம் போச்சு. அக்கா பொறந்து வளர்ந்தது எஸ்டேட் லயத்துல. அங்க முன் கதவ தொறந்தா பின் கதவு வழியா ரப்பர் மரம் தெரியும், காத்து நேரா வரும், அந்த மாதிரிதான் வேணும்னாங்க. தவுக்கே ஒத்துக்கல. முன்னால வர்ற அதிர்ஷ்டம் பின்னால ஓடிடும், அவங்க சீன ஆளுங்க யாரும் அப்படி கட்ட மாட்டாங்களாம். நடுவுல பத்தடி சுவரு ஒண்ணு வைக்க வச்சிருந்தாரு.

அக்காவுக்கு பிளான் பார்த்துப் புரியல. முன் கதவுல நின்னா எதுவரைக்கும் தெரியும்னு மட்டும் கேட்டாங்க. நான் குஷியாயி, கதவுல ஒரு சின்னக் கோடு போட்டு அத எக்ஸ்டென்ட் பண்ணினேன். கோடு சர்ருன்னு போய் தவுக்கே சுவத்துல முட்டி நின்னுச்சு. அக்கா பையத் தூக்கி தோள்ல மாட்டிக்கிட்டாங்க.

"வாங்க போலாம். இந்த வீட்டுல எனக்கு மூச்சு முட்டுது."

ரெண்டடி

தவுக்கே கொஞ்சம் எறங்கி வந்தாரு. சுவத்து ஓரத்துல ஒரு ரெண்டடி வேணும்னா வெட்டு, அதுக்கு மேல முடியாதுன்னாரு. டிரிம். மனசுக்குள்ள மீன் இல்ல, மீன் இல்லன்னு சொல்லிக்கிட்டே தொட்டேன்.

எட்டடி போச்சு. ரெண்டடி நிக்கிது.

முன் கதவுலேருந்து பின் கதவு வரைக்கும் துடைச்சு விட்ட மாதிரி வெட்டவெளி. தவுக்கே கண்ண மூடிக்கிட்டாரு. மணியம் அண்ணே பிளேட கீழ வச்சுட்டாரு. திரும்ப வர வைக்கற எழுத்து மேல நான் விரல வச்சேன். அக்கா என் மணிக்கட்ட பிடிச்சாங்க.

"கைய எடு பாப்பா. அது அப்படியே இருக்கட்டும்."

அப்புறம் மலாய்ல தவுக்கேகிட்ட நிதானமா பேசினாங்க. அந்த ரெண்டடி சுவத்துலேருந்து எதிர் சுவரு வரைக்கும் ஒரு கம்பி போட்டு, கலர் மணி கோத்த திரை தொங்க விடறாங்களாம். தவுக்கே வீட்டுலயும் அதேதான் தொங்குது, எனக்குத் தெரியும். அவரு யோசிச்சாரு. மணித் திரைய அதிர்ஷ்டம் தாண்டாதான்னு கேட்டாரு. அக்கா பேனாவ எடுத்து, பேப்பர் பிளான்ல அந்த எட்டடிய அடிச்சுட்டு, கையெழுத்து போட்டுக்கிட்டே சொன்னாங்க.

"காத்துக்கு வழி தெரியும், தவுக்கே. அதிர்ஷ்டம் மணியில மாட்டிக்கும்."

மெஷினு இங்கயேதான் இருக்கு, நானும் இருக்கேன், ஆனா நான் டிரிம் பண்ண உட்கார்ந்தா மட்டும் மணியம் அண்ணே இன்னமும் தன் மேசைய சுவத்துலேருந்து கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கறாரு.