சாமைக் கொல்லையில் ஒரு கறுப்புக் கல்

மூன்று வருடம் கள்ளக்குறிச்சியில் ஒரு லாட்ஜ் அறை. காலை பஸ்ஸில் வெள்ளிமலை ஏறுவேன், சாயங்கால பஸ்ஸில் இறங்குவேன். "ஒரு டீ", "ஒரு டிக்கெட்" தவிர வாயைத் திறக்காமல் கழிந்த வாரங்கள் உண்டு. "இன்னா சார் தேடுறீங்க, தங்கமா?" என்று யாராவது கேட்டால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவேன். பூமியின் மேலோட்டுக்கும் கீழே, மேன்டில் என்கிற அடுக்கில் உருகி, வெடிப்பு வழியே ஏறி, பாதியில் உறைந்துபோன கறுப்புக் கல்லைத் தேடுகிறேன் என்று பஸ் ஸ்டாப்பில் யாருக்கு விளக்குவது?

நான் உடைத்த கறுப்புக் கற்கள் எல்லாம் ஒரே மாதிரி, ஒன்றைத் தவிர. அது ஒரு சாமைக் கொல்லையின் ஓரத்தில், எருமை படுத்திருப்பதுபோல் பாதி மண்ணில் புதைந்து கிடந்தது. சோதனையில் அதன் சேர்மானமே வேறாக வந்தது. மற்றவற்றைவிட மிக ஆழத்தில் உருகிய கல். இந்த மலைக்கு அடியில் மேன்டில் இரண்டு முறை உருகியிருக்கிறது என்று, என் முனைவர் பட்ட ஆய்வேட்டின் கடைசி அத்தியாயம் முழுவதையும் அதன் தலையில்தான் கட்டினேன். சொல்ல ஆளில்லாமல், அல்வா வாங்கித் தனியாகத் தின்று கொண்டாடினேன்.

ஆய்வேட்டைக் கொடுப்பதற்கு முந்தைய மாதம் போட்டோ எடுக்கப் போனேன். களை எடுத்துக்கொண்டிருந்த கொல்லைக்காரம்மா எழுந்து வந்தார்.

"இன்னாங்க, எப்ப வந்தாலும் இந்தக் கல்லாண்டயே நின்னுக்கினு கீறீங்க?"

"பூமிக்குள்ள ரொம்ப ஆழத்துலேர்ந்து வந்த கல்லும்மா இது."

"லாரிலதாங்க வந்துது. ரோடு போட்டப்போ தியாகதுருகம் பக்கத்துலேர்ந்து கொண்டாந்தாங்க. மீந்துபோச்சி. மழத்தண்ணி கரைய அரிக்குதேன்னு நாங்கதான் கேட்டு வாங்கிப் பொதைச்சோம்."

மண்ணைக் கிளறினேன். அடிப்பக்கத்தில், குவாரியில் துளை போட்ட தடம் நேர்கோடாக இருந்தது. இருந்த இடத்துப் பாறையா, பெயர்ந்து வந்த கல்லா என்று முதலில் பார் என்பது முதலாண்டுப் பாடம். யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். நான் யானையும் இல்லை.

"முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா" என்றேன். அவர்மேல் கோபப்பட்டதை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

"நீங்க கேக்கவே இல்லியேங்க. வருவீங்க, ஒடைப்பீங்க, போயிடுவீங்க. தண்ணி வோணுமான்னு கேக்கலாம்னு நானும் மூணு வருஷமா பாக்குறேன். மொகம் குடுத்தாத்தானே?"

சொம்பில் தண்ணீர் கொடுத்தார். குடித்தேன். அத்தியாயம் போய்விட்டது.

இறங்கும் பஸ்ஸில் அடக்க முடியாமல் அழுகை வந்தது. பக்கத்து சீட்டுக்காரர் தோளைத் தொட்டு, "இன்னா சார், வூட்ல எதுனா பிரச்சினையா?" என்றார்.

ஒன்றுமில்லை என்று சொல்லி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.