‘ட்சூ’ என்ற சொல்லுக்கு நான் சொன்ன அர்த்தம்

சின்ன மஞ்சள் தாள் ஒன்று. ஜெர்மனியின் வுப்பர்டால் நகரில் நான் வேலை செய்த சலவைக்கூடத்தில், காஸில் ஓடும் பெரிய உலர்த்தும் இயந்திரத்தின் கண்ணாடிக் கதவில் அது ஒட்டியிருந்தது. கண்ணாடிக்குப் பின்னால் ஹோட்டல் விரிப்புகள் மெல்லப் புரண்டுகொண்டிருந்தன. அந்தக் கூடத்தை நினைத்தாலே இன்றும் எனக்கு ஒரு அரைத் தூக்கம் வந்துவிடும். சூடான பருத்தியின் வாசம், இயந்திரத்தின் ஒரே தாளமான முனகல். வெளிச்சுவர்க் குழாயிலிருந்து வெள்ளை ஆவி கிளம்பி ஆற்றுப் பக்கம் மிதந்து போகும். ஆற்றுக்கு மேலே தண்டவாளத்தில் தொங்கியபடி ஓடும் ரயில் அதற்குள் புகுந்து மறைந்து மறுபக்கம் வெளிவரும். வேலையை விட்டுவிட்டு நான் அதைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

அந்த இயந்திரத்துக்குப் பொறுப்பாக இருந்தவர் மன்னார் அக்கா. ஜெர்மன் அவருக்கு அவ்வளவாக வராது. ஆனால் வெளியே போகும் ஆவியின் தடிப்பைப் பார்த்தே உள்ளே துணி எவ்வளவு காய்ந்திருக்கும் என்று சொல்லிவிடுவார். அவருடைய ஆறு மாதத் தகுதிகாண் காலம் அந்த வாரத்தோடு முடிய இருந்தது. நிரந்தர ஒப்பந்தம் கைக்கு வந்தால்தான் ஊரில் இருந்த கணவரைக் கூப்பிட விண்ணப்பிக்கலாம். நானோ மொழிச் சோதனையில் பாஸாகி, கால் நிலத்தில் படாமல் திரிந்த காலம். கூடத்துக்கு வரும் கடிதம், அறிவித்தல் எல்லாம் வாசிப்புக்கு என்னிடம்தான் வரும். அதில் எனக்குப் பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

அந்த வாரம் துணி காய வழமையை விட நேரம் எடுத்தது. அக்கா பஞ்சு வடிகட்டியைத் துப்புரவாக்கினார். துணியைக் குறைத்துப் போட்டுப் பார்த்தார். குனிந்து பார்த்து, தீ நீலமாகத்தான் எரிகிறது என்றார். ஆவி மட்டும் மெலிந்து போயிருந்தது. நாங்கள் சாப்பிடப் போயிருந்த நேரம் திருத்துநர் வந்து பார்த்து, ‘அப்லுஃப்ட் ட்சூ’ என்று எழுதி ஒட்டிவிட்டு, குழாய்த் தூரிகை எடுத்துவரப் போய்விட்டார். அப்லுஃப்ட் என்றால் வெளியேறும் காற்று. கதவோ ஜன்னலோ திறந்து கிடந்தால் மேலாளர் எங்களைப் பார்த்து ‘ட்சூ’ என்றுதான் கத்துவார். ஆகவே காற்றுக் குழாயை மூடச் சொல்லியிருக்கிறார் என்று நான் மொழிபெயர்த்தேன்.

“அப்ப ஈரம் எங்காலை போறது?” என்று அக்கா கேட்டார்.

“எழுதியிருக்கு அக்கா. எனக்கு வாசிக்கத் தெரியும்.”

அவர் குழாயின் அடைப்புத் தகட்டை இழுத்து மூடினார். உண்மையில் அந்தத் தாளில் இருந்தது கட்டளையே இல்லை. குழாய் பஞ்சால் அடைபட்டிருக்கிறது என்ற செய்தி. மூடு என்றாலும் மூடியிருக்கிறது என்றாலும் அவர்களுக்கு ஒரே சொல்தான். அதன்பிறகு காற்றோட்டம் இல்லாமல் தீ பற்றுவதும் உடனே அணைவதுமாக இருந்தது. விரிப்புகள் சொதசொதவென்று வந்தன. ஹோட்டல் வாகனம் வெறுமனே திரும்பிப் போனது. மேலாளர் வந்து, மூடிக் கிடந்த தகட்டைக் கண்டு, யார் மூடியது என்று கேட்டார்.

அக்கா என்னைப் பார்த்தார். நான் பேசுவேன் என்றுதான் பார்த்தார். நான் குனிந்து ஈர விரிப்புகளைக் கூடையில் அள்ளிப் போடத் தொடங்கினேன். பயம், வேறொன்றுமில்லை. “இஷ் ட்சூ” என்றார் அக்கா. நான் மூடு.

ஒப்பந்தம் வரவில்லை. அடுத்த நாள் நான் மேலாளரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அக்காவை வேலையிலிருந்து நிறுத்தும் கடிதம் தபாலில் போய்விட்டது என்றார். அக்கா பிராங்பேர்ட் பக்கம் வேறொரு சலவைக்கூடத்தில் சேர்ந்து, ஆறு மாதத்தை மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். கணவர் வந்துசேர இன்னும் இரண்டு வருடம் ஆனது.

இப்போது அதே கூடத்தில் நான்தான் ஷிஃப்ட் பொறுப்பாளர். பழைய இயந்திரம் போய்விட்டது. புதியது தன் கோளாறைத் தானே திரையில் எழுதிக் காட்டுகிறது. போன மாதம், விரிப்புகள் புரள்வதைப் பார்த்தபடி அக்காவுக்குத் தொலைபேசி எடுத்தேன். குளிர், பிள்ளைகள், முழங்கால் வலி எல்லாம் பேசி முடிந்தபின், “அண்டைக்கு நான் சொல்லியிருக்க வேணும் அக்கா” என்றேன். அதெல்லாம் பரவாயில்லை என்பார் என்று இத்தனை வருடமாக நினைத்து வைத்திருந்தேன்.

“ஓம்” என்றார் அக்கா. “சொல்லியிருக்க வேணும்.”