பதினாலு கையெழுத்து

தெருவில் அவளுக்குப் பெயர் இங்கிலீஷ். பெற்றவர்கள் வைத்த பெயர் கல்லூரி வருகைப் பதிவேட்டோடு சரி. "இங்கிலீஷ் வருது, வழி விடுங்கப்பா" என்று தெருமுனை சைக்கிள் கடைக்காரர் கேலி செய்வார். அந்தக் கேலியிலும் ஒரு மரியாதை இருந்தது. மூன்று மாடி, பதினெட்டுக் குடித்தனம் கொண்ட அந்தக் கட்டடத்தில் ஆங்கில இலக்கியம் பி.ஏ. படிக்கிற ஒரே ஆள் அவள்தான். மருந்துச் சீட்டோ, கூரியரில் வந்த காகிதமோ, மிக்ஸி வாங்கியபோது கொடுத்த உத்தரவாத அட்டையோ, எது வந்தாலும் மாடியேறி அவள் கைக்கு வந்துவிடும். அவளும் ஒரு பார்வை பார்த்து ஏதோ சொல்லி அனுப்புவாள். பெரும்பாலும் அது சரியாகவே அமைந்துவிட்டது. மாத்திரையை எந்த வேளைக்குப் போடுவது என்பதைச் சீட்டில் இருக்கும் எண்களே சொல்லிவிடும். உத்தரவாத அட்டையை உலகத்தில் யாரும் ஒழுங்காகப் படிப்பதில்லை.

அவளுக்கு ஆங்கிலம் தெரியாது. சொல்லவே கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லித்தானே ஆக வேண்டும்.

அவள் கேட்டது வணிகவியல். அதில் இடம் இல்லை, ஆங்கிலத்தில் இருந்தது. அக்காவுக்கோ சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. "இதைவிடப் பெரிய படிப்பு எது?" என்று கட்டடம் முழுக்கச் சொல்லிவிட்டு வந்தாள். அம்மாவும் அப்பாவும் ஒருவர் பின் ஒருவராகப் போய்ச் சேர்ந்தபின் அக்காவும் தங்கையும்தான் அந்த ஒன்றரை அறையில் இருந்தார்கள். அக்கா காலுறைக் கம்பெனியில் ஜோடி சேர்க்கிற பிரிவில் இருந்தாள். நீளமும் நிறமும் பார்த்து இரண்டிரண்டாக மடித்து அட்டையில் சொருகுகிற வேலை. ஒன்பதாவதோடு அவள் பள்ளியை விட்டதே தங்கை படிப்பதற்குத்தான்.

கல்லூரியில் முதல் மாதமே விஷயம் விளங்கிவிட்டது. வகுப்பில் பாதிப் பேர் அவளைப் போலத்தான். வாசலுக்கு எதிரே ஜெராக்ஸ் கடையில் சுருள் கம்பி போட்ட நோட்ஸ் கிடைக்கும். ஒரு தாளுக்குப் பத்துக் கேள்வி, பத்துக்கும் தயார் விடை. மொட்டைமாடியில் நடந்துகொண்டே உருப்போட வேண்டியதுதான். அதில் அவளை அடிக்க ஆள் இல்லை. ஒரு அரசன் தன் பேராசையால் எப்படி அழிந்தான் என்று எட்டுப் பக்கம் எழுதுவாள். அந்த நாடகத்தைத் திறந்துகூடப் பார்த்ததில்லை. நடுவில் யாராவது கூப்பிட்டுவிட்டால் மட்டும் முதல் வரியிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும்.

ஒருமுறை பேராசிரியை அவளுடைய விடைத்தாளை வகுப்பில் வாசித்துக் காட்டிவிட்டு, அந்த நாடகத்தில் எந்த இடம் உனக்குப் பிடித்தது என்று சாதாரணமாகக் கேட்டார். அவள் எழுந்து நின்றாள். முகத்தில் ஈயாடவில்லை. பத்துக் கேள்விகளில் அது இல்லையே. வெட்கப்படுகிறாள் என்று நினைத்து அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே உட்காரச் சொல்லிவிட்டார்.

அந்த வகுப்பில் எல்லோரும் கடைப்பிடித்த ஒரு வழக்கம் உண்டு. கேள்வி புரியாவிட்டால் பக்கத்தை வெறுமனே விடக்கூடாது, தெரிந்த விடை ஒன்றை எழுதிவிட வேண்டும். பத்துக்கு மூன்று மதிப்பெண்ணாவது விழும். இதைச் சீனியர்கள் ஜூனியர்களுக்கு ஏதோ பரம்பரைச் சொத்து மாதிரி சொல்லிக் கொடுத்தார்கள். அவளும் அப்படித்தான் மூன்றாம் ஆண்டு வரை வந்து சேர்ந்தாள்.

கடைசிப் பரீட்சைக்கு ஒரு மாதம் இருக்கும்போது, ஒரு சாயங்காலம் அக்கா கம்பெனியிலிருந்து இரண்டு பக்கக் காகிதம் ஒன்றைக் கொண்டுவந்தாள். கூடவே கண்ணாடிக்கா. அவரும் அதே பிரிவுதான், கீழ்த்தளத்தில் குடியிருப்பவர், மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு அதைத் தேடுகிறவர். ஜோடி சேர்க்கும் பதினாலு பேரும், எல்லோரும் இந்தக் கட்டடமும் இந்தத் தெருவும்தான், நாளை மதியத்துக்குள் அதில் கையெழுத்துப் போட வேண்டுமாம். புது மிஷின் வரப்போகிறது, வேலை நேரம் மாறும், அதற்கு ஒரு சம்மதம், அவ்வளவுதான் என்று சூப்பர்வைசர் சொன்னாராம். மற்றவர்கள் அங்கேயே போட்டுவிடத் தயாராக இருந்தார்கள். அக்காதான் தடுத்திருக்கிறாள்.

"என் தங்கச்சி ஒரு தடவை பாக்கட்டும்னு சொன்னேன். வீட்டுலேயே ஆள் இருக்கும்போது கண்ணை மூடிட்டு எதுக்குப் போடணும்?" என்றாள். பெருமை அவள் முகத்தில் வழிந்தது.

தங்கை காகிதத்தை வாங்கினாள். இருவரும் அவள் எதிரே தரையில் உட்கார்ந்து அவள் கண் போகிற போக்கையே பார்த்தார்கள். முதல் வாக்கியமே ஐந்து வரி ஓடியது. கம்பெனி என்ற சொல் தெரிந்தது, தேதி தெரிந்தது, தொழிலாளி தெரிந்தது. மீதிச் சொற்கள் அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. செல்போனை எடுத்து ஒவ்வொரு சொல்லாகப் பார்த்திருக்கலாம். ஆனால் எதிரே இரண்டு ஜோடிக் கண்கள். மூன்று வருஷம் படித்தவள் அகராதி பார்ப்பதா என்று கூச்சம் கையைக் கட்டிப்போட்டது. பக்கத்தைத் திருப்பினாள். ஒரு இடத்தில் விரல் வைத்துப் புருவத்தைச் சுருக்கினாள். அந்த நடிப்பையெல்லாம் நினைத்தால் இன்றைக்கும் அவளுக்கு உடம்பு கூசும்.

கேள்வி புரியவில்லை. ஆகவே தெரிந்த விடையைச் சொன்னாள்.

"புது மிஷின் வருதுக்கா. வேலை நேரத்தை மாத்துறாங்க. அதுக்கு உங்க சம்மதம் கேக்கிறாங்க. பயப்பட ஒண்ணுமில்ல."

ஐந்து நிமிஷத்துக்கு முன் அக்கா சொன்னதையேதான் அவள் திருப்பிச் சொன்னாள். கண்ணாடிக்கா நிம்மதியாக எழுந்தார். காகிதம் அக்காவின் பைக்குள் போனது. அப்போதாவது கேட்டு வாங்கியிருக்கலாம். அவள் கேட்கவில்லை. மறுநாள் பதினாலு பேரும் கையெழுத்துப் போட்டார்கள்.

மூன்றாவது வாரம் மிஷின் வந்தது. வாசல் காவலாளி பதினாலு பேரையும் உள்ளே விடவில்லை. அவர்கள் கூட்டமாகத் தொழிலாளர் அலுவலகத்துக்குப் போனார்கள். அங்கிருந்த குமாஸ்தா காகிதத்தைப் படித்துவிட்டு, "நீங்களாவே விருப்பப்பட்டு வேலையை விடுறதா எழுதிக் கொடுத்திருக்கீங்களேம்மா. கேக்கிறதுக்கு எந்தப் பாத்தியதையும் இல்லன்னு வேற போட்டிருக்கு" என்றார்.

அக்கா வீட்டுக்கு வந்து இதை மட்டும் சொன்னாள். தங்கை சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அக்கா கத்தியிருந்தால், இரண்டு அறை விட்டிருந்தால்கூட, தாங்கியிருப்பாள். அக்கா குளித்துவிட்டு வந்து, பரீட்சைக்குப் படி என்றாள்.

மீதிக் கதை மறுவாரம் மாடிப்படியில் தெரிந்தது. கண்ணாடிக்கா வழிமறித்து, உன் மேல எங்களுக்குக் கோபமில்லை என்றார். "நான் கீழ போனப்புறம் நீ அதை மறுபடி ஒழுங்காப் படிச்சுப் பாத்தியாம். உன் அக்காகிட்ட, கையெழுத்துப் போடாதீங்கன்னு தனியாச் சொன்னியாமே. அவதான் வேலை போயிடுமோன்னு பயந்து எங்ககிட்ட மறைச்சிட்டாளாம். லேபர் ஆபீஸ்ல அவளே ஒத்துக்கிட்டா. கூடவே இருந்து குழி பறிச்சிட்டா."

அவளுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள். எதற்கு ஆட்டினோம் என்று அவளுக்கே தெரியாது.

ஏன் அப்படிப் பொய் சொன்னாய் என்று அன்று அக்காவிடம் கேட்டாள். அக்கா துணி மடித்துக்கொண்டே பதில் சொன்னாள். "உன்னைச் சொல்லியிருந்தா இந்தக் கட்டடத்துல நீ தலைகாட்ட முடியுமா? நாளைக்கு நாலு பிள்ளைங்களுக்குச் சொல்லிக்கொடுத்தாவது பிழைக்க வேண்டாமா? என் பேருக்கு என்ன, போனாப் போகுது." பிறகு மடிப்பதை நிறுத்திவிட்டு, "ஒண்ணு மட்டும் சொல்லு. சரியாப் படிக்காம சொன்னியா, படிச்சும் புரியலையா?" என்று கேட்டாள்.

"புரியலக்கா."

அக்கா தலையசைத்தாள். மூன்று வருஷம் என்னதான் படித்தாய் என்று கேட்கவில்லை. கேட்காததுதான் அதிகம் வலித்தது.

அதன் பிறகு நான்கு மாதம் அந்தக் கட்டடத்தில் அக்காவோடு பேச்சுவார்த்தை இல்லை. குழாயடியில் அக்கா குடத்தை வைத்தால் மற்றவர்கள் தள்ளி வைப்பார்கள். அவள் ஒரு மருத்துவமனையில் விரிப்பு வெளுக்கிற வேலைக்குச் சேர்ந்தாள், விரல் நுனியெல்லாம் வெந்து உரிந்தது. தங்கைக்குப் பரீட்சை முடிவு வந்தது. கல்லூரியிலேயே முதலிடம். அக்காவைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிற அதே பெண்கள் வந்து அவள் கன்னத்தைத் தொட்டு வாழ்த்திவிட்டுப் போனார்கள். அவள் கூனிக் குறுகி நின்றாள். அடக்கம் என்று அவர்கள் மெச்சினார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கண்ணாடிக்கா தன் மகளை அழைத்துக்கொண்டு வந்தார். பெண் பள்ளிப்படிப்பை முடித்திருந்தாள். கல்லூரியில் இவள் படித்ததையே மகளும் படிக்க வேண்டுமாம். "உன்னை மாதிரியே ஆக்கிவிட்டுடு" என்றார். அறையின் மூலையில் அக்கா பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவள் பக்கம் கண்ணாடிக்கா பார்வையைக்கூடத் திருப்பவில்லை.

அந்தப் பெண் கண்கள் மலர இவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதைத்தான் இவளால் தாங்க முடியவில்லை.

"என்னை மாதிரி ஆக வேண்டாம் கண்ணாடிக்கா. அன்னைக்கு அந்தக் காகிதம் எனக்குப் புரியல. ஒரு வரிகூடப் புரியல. தெரியலன்னு சொல்ல வெக்கப்பட்டு வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டேன். அக்கா எதையும் மறைக்கல."

கண்ணாடிக்கா நம்பாமல் அக்காவைப் பார்த்தார். நான்கு மாதத்தில் முதல்முறையாகப் பார்த்தார். அக்கா மறுக்கவில்லை. மறுபடி பாத்திரத்தின் மேல் குனிந்துகொண்டாள், கை மட்டும் தேய்க்கவில்லை.

"அப்போ நாலு மாசமா நாங்க யாரைத் திட்டிக்கிட்டு இருந்தோம்?" என்று கண்ணாடிக்கா மெதுவாகக் கேட்டார்.

அவர் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கிப் போனார். மதியத்துக்குள் கட்டடம் முழுக்கத் தெரிந்துவிட்டது. பதின்மூன்று பேரும் ஒவ்வொருவராக மாடியேறி வந்தார்கள். இவளைத் தாண்டி அக்காவிடம் போய் உட்கார்ந்தார்கள். ஒருத்தி அக்காவின் விரல்களைப் பிடித்துப் பார்த்துவிட்டு அழுதாள். இவளை யாரும் எதுவும் சொல்லவில்லை.

கடைசி ஆளும் போனபின் அக்கா அவள் பக்கம் திரும்பினாள். "இதை அன்னைக்கு மாடிப்படியிலேயே கண்ணாடிக்காகிட்ட சொல்லியிருக்கலாமேடி" என்றாள்.