முனியாண்டியின் மூன்று பாட்டில்

மலேசியாவின் சுங்கைப் பட்டாணியில் பெர்னார்டைத் தெரியாத பெற்றோர் குறைவு. பதினாறு வருடமாகப் பள்ளி வேன் ஓட்டுகிறவர். அது போதாதென்று, தேவாலயத்தில் குடியை விட்டவர்கள் சங்கத்துக்குத் தலைவரும் அவர்தான். பதினோரு வருடத்துக்கு முன்னால் விட்டார். அன்றிலிருந்து அதை ஓயாமல் சொல்லிக்கொண்டும் இருந்தார். கல்யாண வீட்டில் யாராவது கிளாஸைத் தூக்கினால் போதும், மனிதர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்துவிடுவார். பாதிப் பேர் அவருடைய புத்திமதிக்குப் பயந்தே குடியைக் குறைத்துக்கொண்டார்கள்.

அப்பேர்ப்பட்டவர் மேல்தான் குடித்துவிட்டு வண்டி ஓட்டியதாக வழக்கு! தோற்றால் லைசன்ஸ் போய்விடும், குறைந்தது இரண்டு வருடத்துக்கு. ஐம்பத்து நான்கு வயதில், ஸ்டியரிங்கைத் தவிர வேறு எதையும் பிடித்துப் பிழைக்கத் தெரியாத ஆள் அவர்.

நடந்தது இதுதான். ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், கடைசிப் பிள்ளையைச் சுங்கை லாலாங் பக்கம் இறக்கிவிட்டு, செம்பனைத் தோட்டத்து வழியாகக் காலி வேனோடு திரும்பிக்கொண்டிருந்தார். குறுக்கே ஒரு மாடு வந்தது. ஒடித்துத் திருப்பியதில் வேன் சாலையோரச் சாக்கடையில் இறங்கிவிட்டது. மாட்டுக்கு ஒன்றுமில்லை, அவருக்கும் ஒன்றுமில்லை. ஆனால் கை நடுக்கம் நிற்கவில்லை. இழுவை லாரிக்காரனோ இரண்டு மணி நேரம் ஆகும் என்றான். வெயிலுக்கு ஒதுங்க இருந்த ஒரே இடம் தகரக் கூரை போட்ட முனியாண்டி கோயில். சாமிக்கு முன்னால் சுருட்டு, எலுமிச்சம்பழம், அப்போதுதான் படைத்த ஸ்டவுட் பீர் மூன்று பாட்டில். மூடியைக்கூடத் திறந்தே வைத்திருந்தார் பூசாரி.

பெர்னார்ட் முதலில் பாட்டில்களுக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் ஜெபமாலைகூடச் சொன்னார். நான்கு மணிக்கு ரோந்து வந்த போலீஸ்காரர்கள் கோயில் தூணில் சாய்ந்திருந்தவரை எழுப்பினார்கள். வாடை வந்தது. நேரே ஸ்டேஷன், அங்கிருந்து ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை.

“ஒரே ஒரு வாய்தான் அகத்தா,” என்றார் வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம். “நெஞ்சு படபடன்னு அடிச்சுச்சு. ஒரு வாய் குடிச்சிட்டு வச்சிட்டேன்.”

அகத்தா அழுதாள். ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. பிறகு மன்னித்தாள். பயத்தில் ஒரு வாய், அதுவும் பதினோரு வருடம் கழித்து என்று சங்கத்தாரிடமும் அவளே போய் எடுத்துச் சொன்னாள்.

வழக்கறிஞர் ஷாமளாவுக்கு அந்த ஒரு வாய்தான் தொண்டையில் சிக்கியது.

“அண்ணே, ரத்தத்துல வந்திருக்குற அளவு ரொம்ப அதிகம். ஒரு வாய்க்கு இப்படி வராது. ஓட்டுறதுக்கு முன்னாடியே குடிச்சிருந்தீங்கன்னுதான் கோர்ட்டு எடுத்துக்கும். வண்டியை விட்டு எறங்கின பெறகுதான் குடிச்சேன்னு நாமதான் நிரூபிக்கணும். அளவுக்குத் தகுந்த கணக்கு வேணும்லா. நெசத்தைச் சொல்லுங்க, எவ்வளவு குடிச்சீங்க?”

பெர்னார்ட் சாத்தியிருந்த கதவைப் பார்த்தார். வெளியே பெஞ்சில் அகத்தா உட்கார்ந்திருந்தாள்.

“மூணு,” என்றார் மெல்ல.

“மூணு வாயா?”

“மூணு பாட்டில்மா.”

“அப்பாடா!” ஷாமளாவின் முகம் மலர்ந்துவிட்டது. “நல்ல வேளை அண்ணே! இதை மொதல்லயே சொல்லக்கூடாதா?”

பெர்னார்ட் குடித்ததைக் கேட்டு ஒருவர் இவ்வளவு சந்தோஷப்பட்டது அதுதான் முதல் தடவை. பாவம் மனிதர், சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார்.

எட்டு மாதம் கழித்து வழக்கு விசாரணைக்கு வந்த நாளன்று அகத்தாவை வீட்டிலேயே இருக்கச் சொல்லிப் பார்த்தார். முட்டி வலி என்றார், கோர்ட்டில் குளிரும் என்றார். “உங்களைத் தனியா நிக்க விடுவேனா?” என்று அவள் முதல் ஆளாகக் கிளம்பியதோடு, தைரியத்துக்கு இருக்கட்டும் என்று சங்கத்தார் நான்கு பேரையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

கடைசிப் பிள்ளையின் தாய் நளினி, இரண்டேகால் மணிக்கு டிரைவர் தெளிவாகப் பேசினார், எந்த வாடையும் இல்லை என்று சொன்னாள். அடுத்துச் சாட்சிக் கூண்டில் ஏறினார் பூசாரி பரஞ்சோதி.

“ரெண்டு மணிக்குப் படைச்சிட்டுப் போனேங்க. மூணே முக்காலுக்கு வந்து பார்த்தா மூணும் காலி. மொதல்ல சாமிதான் குடிச்சிருச்சுன்னு நெனச்சு விழுந்து கும்பிட்டேன். எந்திரிச்சுப் பார்த்தா, தூணுகிட்ட இவரு!”

மொழிபெயர்ப்பாளர் அதை மலாய் மொழியில் சொல்லி முடிப்பதற்குள் மஜிஸ்திரேட் இரண்டு தடவை இருமிச் சிரிப்பை அடக்கினார்.

அரசு வழக்கறிஞர் விடவில்லை. பயத்தில் ஒரு வாய் குடித்தேன் என்றால் நம்பலாம், மூன்று பாட்டிலை எப்படி நம்புவது என்று பெர்னார்டைப் பிடித்துக்கொண்டார்.

பெர்னார்ட் அகத்தா இருந்த பக்கம் திரும்பவே இல்லை. “மொத பாட்டில் நடுக்கத்துக்குக் குடிச்சேன். ரெண்டாவது... ருசிச்சுச்சு. மூணாவது, மிச்சம் இருந்துச்சு.”

இப்படி ஒரு பொய்யை எவனும் சொல்லமாட்டான் என்று மஜிஸ்திரேட்டுக்குத் தோன்றியிருக்க வேண்டும். விடுதலை.

வெளியே வந்ததும் சங்கத்துச் செயலாளர் எரிக் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். “அண்ணே, என்னா கதைலா! சாமி பாட்டிலு! அந்த லாயர் அக்கா நம்பரைக் குடுங்க, என் மச்சானுக்கும் ஒரு கேஸ் இருக்கு.” மற்ற மூவரும் தட்டிக்கொடுத்தார்கள். அத்தனை பேரும் அது ஷாமளா சொல்லிக்கொடுத்த பாடம் என்றே நம்பிவிட்டார்கள். உண்மையைச் சொல்லிப் பொய்க்காரர் என்று பாராட்டு வாங்கினார் பெர்னார்ட். தலைவர் பதவிக்கும் ஆபத்தில்லை.

அந்தத் தெம்பில், வேனில் ஏறியதும் அகத்தாவிடமும் அதையே சொல்லிப் பார்த்தார். “மூணு பாட்டில் எல்லாம் சும்மா. லாயர் அப்படிச் சொல்லச் சொன்னாங்க.”

அகத்தா அவரைத் திரும்பிப் பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது.

“அப்ப ரத்தத்துல அவ்வளவு எப்படி வந்துச்சு? வண்டி ஓட்டுறதுக்கு முன்னாடியே குடிச்சிருந்தீங்களா? பிள்ளைங்க உள்ள இருக்கறப்பவா?”

நாலு பேர் தட்டிக்கொடுத்த சந்தோஷத்தில் பெர்னார்ட் இதை யோசிக்கவில்லையே! “ஐயோ, இல்ல அகத்தா! சத்தியமா இல்ல. பிள்ளைங்களை வச்சுக்கிட்டுக் குடிப்பேனா? மூணு பாட்டிலும் நெசம்தான். கோயில்லதான் குடிச்சேன்.”

அவள் கதவுப் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள். வேன் நகரவில்லை.

“கோட்டு போட்ட ஒருத்தர் கேட்டாரு, நின்ன எடத்துல சொல்லிட்டீங்க,” என்றாள் கடைசியில். “நான் எட்டு மாசமா உங்க பக்கத்துலதானே படுத்திருந்தேன்?”