நூறு வருசத்து டூட்டூவும் அன்ரனெற்றின் தீர்த்தமும்

அன்ரனெற் ஊசியைக் கீழே வைத்தால் ரொறன்ரோவில் ஒருத்தியும் ஆடமாட்டாள். ஸ்காபரோவில் பஸ் ஓடாது, ஒன்ராறியோ ஏரி அலையடிக்காது. பாலே நடனம் என்ற ஒன்று உலகத்தில் தோன்றினதே, மன்னாரில் பிறந்த ஒருத்தி என்றைக்கோ அதன் கிழிசலைத் தைக்க வேண்டும் என்பதற்காகத்தான்.

உண்மையைச் சொன்னால், அவள் ஒரு பாலே ஆட்டத்தையும் நேரில் பார்த்ததில்லை. பழைய மேடை உடுப்புகளைச் சேர்த்துவைக்கிற ஒரு காட்சியகம் டவுன்ரவுனில் இருக்கிறது. அதன் நிலவறையில் பதினொரு வருசமாகத் தைக்கிறாள். பதினொரு வருசமும் கொன்ராக்ற். ஆறு மாதத்துக்கு ஒருக்கால் புதுப்பிப்பார்கள். அதுவரைக்கும் அன்ரனெற்றுக்கு நித்திரை வராது. வயது ஐம்பத்தெட்டு.

பெப்ரவரியில் அந்த டூட்டூ வந்தது, பாலே ஆடுகிறவள் போடுகிற வலைப்பாவாடைச் சட்டை. ஆயிரத்துத் தொளாயிரத்து இருபத்தாறில், ஜாஸ் இசை ஊர்களைப் பிடித்தாட்டின காலத்தில் தைத்தது. வசந்தகாலக் கண்காட்சிக்கு அதைத் திருத்திக் கொடுத்தால் வேலை நிரந்தரம் என்று பொறுப்பாளர் சொல்லிவிட்டார். அன்ரனெற் போனில் படம் எடுத்துக்கொண்டு வந்து மகள் வேரோனிக்காவுக்குக் காட்டினாள். பதினேழு வயது, பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவள். இதை எழுதுகிற கழுதையும் அவள்தான்.

"அம்மா, சீரியஸ்லி? மழையிலை நனைஞ்ச குடை மாதிரிக் கிடக்கு."

"வாயைப் பொத்து. இப்பத்தை டூட்டூ மாதிரி உது தட்டையா விறைச்சு நிக்காது. அப்ப ஏது நைலோன்? பட்டு வலையும் கஞ்சி போட்ட பருத்தியும்தான். ஒருக்கா வேர்த்தா வாடிப்போம்."

"இடுப்பு எங்கை? காணேல்லை."

"நாலு விரல் கீழை கிடக்கு, வடிவாப் பார். அந்த நேரத்துப் பெட்டையள் தலைமயிரைக் கட்டையா வெட்டி, இடுப்பையும் இறக்கிவிட்டவை. றோட்டிலை போட்டதுதான் மேடைக்கும் ஏறினது."

"இப்ப எங்கை அந்தப் பெட்டை?"

"செத்துப்போனா" என்று அன்ரனெற் சிலுவை போட்டுக்கொண்டாள்.

அங்கேதான் வில்லங்கம். செத்தவர்களின் உடுப்பில் ஊசி குத்துவதற்கு முன்னால் மூன்று சொட்டுத் தீர்த்தம் தெளிக்காவிட்டால் அன்ரனெற்றுக்குக் கை ஓடாது. கைப்பையில் மாதா உருவத்தில் ஒரு சின்னப் போத்தில் வைத்திருப்பாள். ஆறு வருசத்துக்கு முன்னம் மடு மாதா கோயிலுக்குப் போன பெரியம்மா கொண்டுவந்து கொடுத்தது. தெளிக்கத் தெளிக்க அது குறையவேயில்லை. அப்படி ஒரு அதிசயம்.

மேசைக்குக் கிட்டத் தண்ணீர் கூடாது என்று சுவரில் பெரிதாக எழுதியிருந்தது. அன்ரனெற் அதைப் பயபக்தியோடு கடைப்பிடித்தாள். தேத்தண்ணி பிளாஸ்கைக்கூட வெளியில்தான் வைப்பாள். ஆனால் தீர்த்தத்தைத் தண்ணீர்க் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று ஒரு நாளும் அவளுக்குத் தோன்றினதில்லை. மாதாவைப் போய் ஆராவது பிளாஸ்கோடு சேர்ப்பார்களா?

இதுவரை பருத்தியும் கம்பளியும் அதைப் பொறுத்துக்கொண்டன. இந்த டூட்டூவின் நெஞ்சுப் பக்கம் முழுக்க மினுங்கல் பொட்டுகள். அந்தக் காலத்தில் பிளாஸ்ரிக் பொட்டு இல்லை, ஜெலற்றினில் செய்வார்கள். பிறந்தநாள் பார்ட்டியில் நாங்கள் தின்கிற ஜெலிக்குப் போடுகிற அதே சாமான். ஈரம் பட்டால் ஊதிக் கரையும்.

மூன்று சொட்டு விழுந்தது. அன்ரனெற் கண்ணை மூடி ஒரு அருள்நிறை மரியே சொன்னாள். கண் திறந்தபோது பத்தொன்பது பொட்டுகள் இளகி ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. தொட்டுப் பார்த்தாள். விரலோடு வந்தது.

அவளே மேலே போய்ச் சொன்னாள். என்ன தண்ணீர் என்று பொறுப்பாளர் கேட்டார். தீர்த்தம் என்றாள். பொறுப்பாளர் அறிக்கையில் 'தண்ணீர்' என்று மட்டும் எழுதினார். நிரந்தரம் போய்விட்டது. மாதக் கடைசியோடு கொன்ராக்ற்றும் முடிகிறது என்று மூன்றே வரியில் கடிதம் வந்தது. கண்காட்சியில் அந்தப் பக்கத்தைச் சுவரைப் பார்க்க நிறுத்தியிருக்கிறார்கள்.

கடைசி நாள் வீட்டுக்கு வந்தவள் கோட்டைக்கூடக் கழற்றாமல் குசினியில் இருந்தாள்.

"பேசாமல் இருந்திருக்கலாமே அம்மா. நூறு வருசத்துச் சாமான். முந்தியே உப்பிடித்தான் கிடந்ததெண்டு சொன்னா ஆருக்குத் தெரியும்?"

"என்ரை விரலிலை ஒட்டினது, பிள்ளை."

வேரோனிக்கா கிட்டப் போய் இருந்தாள். "மாதான்ரை தீர்த்தம்தானே. அவ ஒரு வழி காட்டுவா" என்றாள். தான் அப்படியெல்லாம் பேசுவாள் என்று அவளுக்கே தெரியாது.

அன்ரனெற் கைப்பையிலிருந்து போத்திலை எடுத்து, மூடியைத் திருகி, மகளின் மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனாள்.

"மடுத் தண்ணி குளோரின் மணக்காது."

வேரோனிக்கா நிலத்தைப் பார்த்தாள்.

"பெரியம்மா தந்தது ஆறு மாதத்திலை முடிஞ்சிட்டுது. பிறகு உந்தக் குழாயிலை பிடிச்சு வைச்சது ஆர்?"

"எப்ப கண்டுபிடிச்சனீங்கள்?"

"முதல் நாளே."

"பிறகேன் தெளிச்சனீங்கள்?"

அன்ரனெற் எழும்பிப்போய் மிச்சத்தைச் சிங்கில் ஊற்றினாள். மாதாவைத் தலைகீழாகக் கவிழ்த்து, கழுவின கோப்பைகளோடு காய வைத்தாள்.

"இனி நிரப்பாதை" என்றாள்.